4 பே நாஸ் பெட்டிக்கு எந்த ரெய்டு? கணக்கு, சோதனை, செய்முறை

பெட்டி: 3.5 அங்குல டிஸ்க் நாலு ஏறும் சிறிய நாஸ் (வீட்டு நெட்வொர்க்கில் எல்லோருக்கும் கோப்பு வைத்துத் தரும் கணினி) கேபினெட். 8 ஜிபி ராம், கிகாபிட் நெட்வொர்க் போர்ட் ஒன்று, இயங்குதளத்துக்கு மட்டும் 128 ஜிபி எஸ்எஸ்டி. அதில் டெபியன் லினக்ஸ். உள்ளே போக வேண்டியவை ஒரு குடும்பத்தின் போட்டோ, வீடியோ, வீட்டிலுள்ள போன்களின் பேக்கப், ஸ்கேன் செய்த பத்திரங்கள், கொஞ்சம் சினிமா. இப்போதைக்கு 3 டெராபைட். வருஷத்துக்கு அரை டெராபைட் ஏறும் என்று வைத்துக்கொள்ளலாம். ஊர் சென்னை. கோடையில் அறைக்குள்ளேயே 35 டிகிரி தாண்டும். கரண்ட் சொல்லாமல் போகும், சொல்லாமல் வரும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். நாலு பே (டிஸ்க் செருகும் இடம்) இருந்தும் இரண்டில்தான் டிஸ்க் போட்டிருக்கிறது. 8 டெராபைட் டிஸ்க் இரண்டு மிரராக (ரெய்டு 1, இரண்டிலும் ஒரே தரவு); அதே அளவில் மூன்றாவது டிஸ்க் பெட்டிக்கு வெளியே, பேக்கப்பாக. ரெய்டு (பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக ஓட்டும் முறை) என்றதும் பெரும்பாலோர் பார்ப்பது 'மிச்சம் எவ்வளவு இடம் கிடைக்கும்' என்பதைத்தான். ஒரு டிஸ்க் செத்த அன்று என்ன செய்ய வேண்டியிருக்கும், அந்த வேலையில் எது தவறும் என்பதிலிருந்து தொடங்கினால் தேர்வே மாறிவிடுகிறது.

இடக் கணக்கு

முதலில் வந்த யோசனை 4 டெராபைட் டிஸ்க் நாலு. ரெய்டு 5 போட்டால் ஒரு டிஸ்க் அளவு பாரிட்டிக்கு (இழந்த தரவைத் திரும்பக் கணக்கிட உதவும் கூடுதல் பதிவு) போய் 12 டெராபைட் கிடைக்கும். ரெய்டு 6 என்றால் இரண்டு டிஸ்க் போய் 8. ரெய்டு 10 (இரண்டிரண்டாக ஜோடி மிரர்) என்றாலும் 8. திரையில் இவை இன்னும் குறைவாகத் தெரியும். டிஸ்க் கம்பெனிகள் ஒரு டெராபைட்டை லட்சம் கோடி பைட்டாக எண்ணுகின்றன. இயங்குதளங்கள் பல 1024-இன் மடங்குகளில் எண்ணுகின்றன. அதனால் 4 டெராபைட் டிஸ்க் 3.63 என்றும், 8 டெராபைட் 7.27 என்றும், 12 டெராபைட் 10.9 என்றும் காட்டும். இதைத் தெரியாமல் 'ரெய்டு இடத்தைத் தின்றுவிட்டது' என்று அமைப்பை அழித்து மறுபடி போடுகிறவர்கள் உண்டு.

நாலு டிஸ்க் ரெய்டு 5-இல் ஒன்று செத்தால், புது டிஸ்க்கை நிரப்ப (இதுதான் ரீபில்ட்) மீதி மூன்றையும் முதல் செக்டரிலிருந்து (டிஸ்க் படித்து எழுதும் சிறு துண்டு) கடைசி செக்டர் வரை படித்தாக வேண்டும். மொத்தம் 12 டெராபைட் வாசிப்பு. இங்கேதான் அந்தப் பிரபலமான கணக்கைக் கொண்டுவருவார்கள்: சாதாரண டிஸ்க்கின் விவரத்தாளில் 10-இன் 14-ஆம் அடுக்கு பிட்டுக்கு ஒரு வாசிப்புப் பிழை என்று போட்டிருக்கும், அது 12.5 டெராபைட், ஆகவே ரீபில்ட் நடுவே விழுந்தே தீரும் என்பார்கள். இந்தக் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். அது கம்பெனி ஒத்துக்கொள்ளும் உச்ச வரம்பு. நல்ல டிஸ்க் அதைவிட எவ்வளவோ மேலாக ஓடும். நாஸ் வகை டிஸ்க்குகள் பலவற்றில் அந்த வரம்பே 15-ஆம் அடுக்கு. 12 டெராபைட்டைப் பிழையில்லாமல் படித்து முடிப்பது அன்றாடம் நடக்கிற காரியம்.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. நாலு டிஸ்க்கும் ஒரே கடையில் ஒரே நாளில், பெரும்பாலும் ஒரே பேட்சில் வாங்கியவை. ஒரே பெட்டியில் ஒரே சூட்டில் ஒரே மணிக்கணக்கு ஓடியவை. பழைய வீடியோ இருக்கும் செக்டர்களை வருஷக்கணக்கில் யாரும் படித்திருக்க மாட்டார்கள். அங்கே இருக்கும் கெட்ட செக்டர் ரீபில்ட் அன்றுதான் முதல்முறையாக வெளிப்படும், அதுவும் காப்பாற்ற பாரிட்டி இல்லாத நேரத்தில். இதற்கு மருந்து மாதாமாதம் எல்லாவற்றையும் ஒருமுறை படிக்க வைப்பது. அந்த வேலையை ஒழுங்காகச் செய்தால் ரெய்டு 5-இன் பயம் பாதிக்கு மேல் தீரும். ஆனாலும் இரண்டாவது டிஸ்க்கும் விழுந்தால் எல்லாமே போகும் என்பது மாறாது.

ரெய்டு 6-உம் ரெய்டு 10-உம் நாலு டிஸ்க்கில் ஒரே இடத்தைத்தான் தரும் என்பதால் இந்த இரண்டில் எது என்ற கேள்வி அடிக்கடி எழும். ரெய்டு 6-இல் எந்த இரண்டு போனாலும் தரவு நிற்கும். ரெய்டு 10-இல் முதல் டிஸ்க் போனபின் மீதி மூன்றில் ஒன்று அதன் ஜோடி. அது போனால் எல்லாம் போச்சு. அதாவது இரண்டாவது சாவு மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பில் மரண அடி. பதிலுக்கு ரெய்டு 10 வேகமாக எழுதும். ரீபில்ட் என்பது ஜோடியிலிருந்து நேர் நகல் மட்டும். ஆனால் கிகாபிட் நெட்வொர்க்கில் நொடிக்கு 110 எம்பி சுமாரில்தான் எதுவும் ஓடும், ஒற்றை டிஸ்க்கே அதைத் தாண்டிவிடும். வீட்டில் நாலு டிஸ்க் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் ரெய்டு 6 போடுங்கள். மூன்று டிஸ்க்கில் ரெய்டு 5, நாலாவது ஹாட் ஸ்பேர் (ஒன்று செத்ததும் தானாக அதன் இடத்துக்கு வரும் டிஸ்க்) என்று சிலர் அமைப்பார்கள். இடம் அதே 8 டெராபைட். பாதுகாப்போ ரெய்டு 6-ஐவிடக் குறைவு, ஏனென்றால் ஸ்பேர் நிரம்பும் வரை ஒரு பாரிட்டியும் கையில் இல்லை. அந்த டிஸ்க்கை சும்மா சுற்றவிடுவதற்கு ரெய்டு 6-இலேயே வேலைக்கு வைக்கலாம்.

அளவு கலந்து டிஸ்க் இருக்கிறவர்களுக்குக் கணக்கு வேறு. 8, 8, 4, 4 என்று நாலு இருந்தால் சாதாரண ரெய்டு 5 எல்லாவற்றையும் 4 ஆகவே பார்க்கும்: 12 கிடைக்கும், பெரிய டிஸ்க்குகளில் பாதி வீண். நாஸ் கம்பெனியான சினாலஜியின் எஸ்எச்ஆர் என்ற ரெய்டு முறை இதைத் துண்டு போட்டுத் தீர்க்கிறது. நாலிலும் முதல் 4 டெராபைட்டைச் சேர்த்து ஒரு ரெய்டு 5, அது 12, பெரிய இரண்டில் மிச்சமிருக்கும் 4-ஐச் சேர்த்து ஒரு மிரர், அது 4, ஆக 16. அடியில் ஓடுவது லினக்ஸின் அதே எம்டி ரெய்டும் (லினக்ஸிலேயே உள்ள மென்பொருள் ரெய்டு) எல்விஎம்மும் (டிஸ்க் இடத்தைச் சேர்த்துப் பங்கிடும் அடுக்கு)தான், மாயம் எதுவும் இல்லை. பெட்டி செத்தாலும் டிஸ்க்குகளை ஒரு லினக்ஸ் கணினியில் மாட்டித் தரவை எடுக்க முடியும். லினக்ஸின் கோப்பு முறைகளில் ஒன்றான பிடிஆர்எஃப்எஸ்ஸின் ரெய்டு 1-க்கும் கலப்பு அளவு ஒத்துவரும்: எத்தனை டிஸ்க் இருந்தாலும் ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு பிரதி, ஆகவே மொத்தத்தில் பாதியான 12. அதே பிடிஆர்எஃப்எஸ்ஸின் சொந்த ரெய்டு 5, 6 பக்கம் போக வேண்டாம். அதன் ஆவணமே முக்கியத் தரவுக்கு அதைப் பரிந்துரைக்கவில்லை.

இனி 8 டெராபைட் இரண்டு மிரர். இடம் 8, ரெய்டு 6 தருவதே. இன்றைய 3 டெராபைட்டும் வருஷத்துக்கு அரையும் என்றால், 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பாமல் வைத்தாலும் ஆறு வருஷத்துக்குப் போதும். சுற்றுவது இரண்டே டிஸ்க் என்பதால் சூடு, சத்தம், மின்செலவு மூன்றும் குறையும். ஒன்று செத்தால் மற்றது தனியாகவே முழுத் தரவும் உள்ள டிஸ்க். வேறு கணினியில் மாட்டினால் திறக்கும், பாரிட்டிக் கணக்கு எதுவும் தேவையில்லை. இரண்டு பே காலி, வளர வழி இருக்கிறது. எல்லாவற்றையும்விட முக்கியம், நாலு டிஸ்க் வாங்கும் இடத்தில் மூன்று வாங்கி, மூன்றாவதைப் பேக்கப்புக்கு விட முடிகிறது. டெராபைட் ஒன்றுக்கு விலை எந்த அளவில் குறைவு என்று வாங்கும் அன்றே கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் 8 பக்கம்தான் சாயும்.

எம்டியா, இசட்எஃப்எஸ்ஸா

மிரர் என்று முடிவானபின் அதை எதால் செய்வது என்பது அடுத்த கேள்வி. லினக்ஸ் எம்டி ரெய்டு 1 எளிது, எந்தப் பெட்டியிலும் ஓடும். ஆனால் அதற்கு ஒரு பார்வைக் குறை உண்டு. இரண்டு டிஸ்க்கிலும் ஒரே இடத்தில் வேறு வேறு எழுத்து இருந்தால் எது சரி என்று அதற்குத் தெரியாது. மாதாந்திரச் சோதனை ஓடினால் 'பொருந்தாத செக்டர் இத்தனை' என்று எண்ணிக்கை காட்டும். பழுது பார் என்று கட்டளை கொடுத்தால் முதல் பிரதியை எடுத்து மற்றதன் மேல் எழுதிவிடும். முதல் பிரதிதான் கெட்டது என்றால், கெட்டதே இரண்டாகும்.

இசட்எஃப்எஸ் என்பது ரெய்டு வேலையையும் தானே பார்க்கும் கோப்பு முறை. அது ஒவ்வொரு துண்டுக்கும் செக்சம் (சரிபார்ப்பு எண்) வைத்திருக்கிறது. படிக்கும்போது செக்சம் பொருந்தவில்லை என்றால் அடுத்த டிஸ்க்கிலிருந்து எடுத்துக் கொடுத்து, கெட்டதையும் திருத்திவிடும். அதனால் இங்கே தேர்வு இசட்எஃப்எஸ். தரவு ஏற்றுவதற்கு முன் இதைக் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. சோதனைக்காக 100 ஜிபி கோப்புகளை ஏற்றி, பூலை (இசட்எஃப்எஸ் டிஸ்க்குகளைச் சேர்த்து அமைக்கும் தொகுதி) எக்ஸ்போர்ட் செய்துவிட்டு (முறைப்படி விடுவித்துவிட்டு), ஒரு டிஸ்க்கின் தரவுப் பார்ட்டிஷனில் 10 ஜிபி தாண்டிய இடத்தில் சில ஜிபி அளவுக்குக் குப்பையை நேரடியாக எழுத வேண்டும். பார்ட்டிஷனின் தலையிலும் வாலிலும் இசட்எஃப்எஸ் தன் லேபிள்களை வைத்திருப்பதால் அந்த இடங்களைத் தொடக்கூடாது. மறுபடி இம்போர்ட் செய்து ஸ்க்ரப் (எல்லாத் தரவையும் படித்துச் சரிபார்ப்பது) ஓட்டினால், நிலைப் பட்டியலில் அந்த டிஸ்க்குக்கு நேரே செக்சம் எண் மளமளவென ஏறும். கீழே இவ்வளவு திருத்தப்பட்டது, பிழை பூஜ்யம் என்று வரும். கோப்பு ஒன்றுகூடக் கெட்டிருக்காது. எழுதிய இடத்தில் தரவு விழவில்லை என்றால் எண் ஏறாது. இன்னும் சில ஜிபி தள்ளி எழுதிப் பாருங்கள்.

ராம் பற்றி ஒரு வார்த்தை. டெராபைட்டுக்கு 1 ஜிபி ராம் வேண்டும் என்ற பேச்சு வீட்டு மிரருக்குப் பொருந்தாது. டீடூப் (ஒரே தரவு பலமுறை வந்தாலும் ஒரு பிரதி மட்டும் வைக்கும்) வசதியைத் தொடாதவரை 8 ஜிபி தாராளம். ஈசிசி (பிழையைத் தானே திருத்தும்) ராம் இருந்தால் நல்லது. இல்லை என்பதற்காக இசட்எஃப்எஸ்ஸை விட்டு வேறொன்றுக்குப் போவதில் அர்த்தமில்லை, ராம் பிழை எந்தக் கோப்பு முறையையும் கெடுக்கும்.

டிஸ்க் வாங்கும்போது

சிஎம்ஆர் (தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாத) டிஸ்க்தான் வேண்டும். எஸ்எம்ஆர் டிஸ்க்கில் தடங்கள் ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும். நடுவில் ஓரிடத்தைத் திருத்த ஒரு பட்டை முழுவதையும் திரும்ப எழுத வேண்டும். சும்மா பேக்கப் எடுக்கும்போது வித்தியாசம் தெரியாது. ரீபில்ட் மாதிரி இடைவிடாமல் எழுதும் வேலையில் வேகம் நொடிக்குச் சில எம்பிக்கு விழும், டிஸ்க் பதிலே சொல்லாமல் ரெய்டிலிருந்து உதிரவும் செய்யும். 2020-இல் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையிலான இஎஃப்ஏஎக்ஸ் மாடல்கள் எஸ்எம்ஆர் என்று தெரியவந்து பெரிய சர்ச்சை ஆனது. அதன்பின் சிஎம்ஆர் டிஸ்க்குகளை ரெட் பிளஸ் என்று பிரித்தார்கள். இப்போதும் வெறும் ரெட் வேறு, ரெட் பிளஸ் வேறு. சீகேட்டில் அயர்ன்வுல்ஃப் சிஎம்ஆர். 8 டெராபைட் பாரகுடா எஸ்எம்ஆர். தோஷிபா என்300 சிஎம்ஆர். கடைக்காரர் சொல்வதை வைத்து முடிவெடுக்காமல் ஸ்டிக்கரில் உள்ள முழு மாடல் எண்ணைக் கம்பெனியின் விவரத்தாளோடு ஒத்துப் பாருங்கள்.

இரண்டு மிரர் டிஸ்க்கும் வேறு வேறு கம்பெனியாக இருப்பது நல்லது. அளவு பொருந்தாதோ என்று அஞ்ச வேண்டியதில்லை. 4 டெராபைட் என்றால் 7,81,40,37,168 செக்டர் என்பது போல எல்லோரும் ஒரே சூத்திரத்தைப் பின்பற்றுகிறார்கள். ஒரே கம்பெனிதான் கிடைக்கிறது என்றால் இரண்டு கடையில் வாங்குங்கள், பேட்ச் மாறும்.

பார்க்க வேண்டிய இன்னொன்று, பிழை மீட்பு நேர வரம்பு. ஒரு செக்டரைப் படிக்க முடியாவிட்டால் நாஸ் டிஸ்க் 7 நொடி முயன்றுவிட்டு 'முடியவில்லை' என்று சொல்லிவிடும். ரெய்டு மற்றதிலிருந்து எடுத்துக்கொள்ளும். டெஸ்க்டாப் டிஸ்க் இரண்டு நிமிஷத்துக்கு மேலும் முட்டிமோதும். லினக்ஸ் கெர்னல் 30 நொடிதான் பொறுக்கும், பிறகு இணைப்பையே ரீசெட் செய்யும், நல்ல டிஸ்க் ஒரே ஒரு கெட்ட செக்டருக்காக வெளியே தள்ளப்படும். ஸ்மார்ட்சிடிஎல் கருவியில் இந்த வரம்பைப் பார்க்கலாம், 70 என்று வைக்கலாம். அலகு நொடியில் பத்தில் ஒன்று. சில டிஸ்க்குகள் கரண்ட் போனதும் இதை மறந்துவிடும், ஆகவே பூட் ஆகும்போதெல்லாம் ஓடும்படி போடுங்கள். வரம்பே வைக்க முடியாத டிஸ்க் என்றால், எதிர்ப்பக்கமாக, கெர்னலின் காத்திருப்பை 180 நொடி ஆக்கிவிடுங்கள்.

2025 தொடக்கத்தில், ஓடித் தேய்ந்த சீகேட் டிஸ்க்குகளின் ஸ்மார்ட் (டிஸ்க் தன் நிலையைத் தானே பதியும் வசதி) எண்களை அழித்து யாரோ புதியவை என்று சந்தையில் தள்ளியது ஐரோப்பாவில் அம்பலமானது. அதனால் ஸ்மார்ட் மணிக்கணக்கு பூஜ்யமாக இருப்பது மட்டும் போதாது. சீகேட் டிஸ்க்குகளில் ஃபார்ம் என்ற தனிப் பதிவு உண்டு; ஸ்மார்ட்சிடிஎல் அடங்கிய ஸ்மார்ட்மான்டூல்ஸ் 7.4 முதல் அதைப் படிக்கும். இரண்டு மணிக்கணக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் டிஸ்க்கைத் திருப்பிக் கொடுங்கள்.

ஏற்றுவதற்கு முன் சோதனை

புது டிஸ்க்கை நேரே பூலில் சேர்க்கக் கூடாது. முதலில் ஸ்மார்ட் நீண்ட சோதனை. பிறகு பேட்பிளாக்ஸ் எழுத்துச் சோதனை: நாலு விதமான பிட் வடிவத்தை முழு டிஸ்க்கிலும் எழுதி, ஒவ்வொன்றையும் திரும்பப் படிக்கும். ஆக எட்டு முறை முழு டிஸ்க். 8 டெராபைட்டில் நொடிக்குச் சராசரி 180 எம்பி வைத்தால் ஒரு முறைக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்குமேல். முழுதும் முடிய நாலு நாள். துண்டு அளவை 4096 என்று கொடுக்க வேண்டும். இயல்பான 1024-இல் விட்டால் எண்ணிக்கை 32 பிட்டைத் தாண்டி, பிழை சொல்லி நின்றுவிடும். இந்தச் சோதனை டிஸ்க்கில் இருப்பதை எல்லாம் அழிக்கும் என்பதால் சீரியல் எண்ணைப் பார்த்து உறுதி செய்துகொண்டு எண்டர் தட்டுங்கள். முடிந்தபின் நீண்ட சோதனையை இன்னொரு முறை.

பார்க்க வேண்டிய ஸ்மார்ட் எண்கள் 5, 187, 197, 198; நாலும் கெட்ட செக்டர், படிக்க முடியாத செக்டர் பற்றியவை. புது டிஸ்க்கில் இவை நாலும் பூஜ்யமாக இருக்க வேண்டும், ஒன்றாவது ஏறியிருந்தால் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். 199 மட்டும் வேறு ரகம், அது டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவே தரவு கெட்ட எண்ணிக்கை. ஏறினால் முதலில் சாட்டா கேபிளை மாற்றுங்கள். கேபிள் சரியானாலும் அந்த எண் இறங்காது, ஏறாமல் நின்றால் போதும். கேபிள் கோளாறுக்காக நல்ல டிஸ்க்கைத் தூக்கிப்போடுவது நிறையவே நடக்கிறது.

கரண்ட் பக்கமும் கவனம் வேண்டும். 3.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடிகளில் 12 வோல்ட்டில் சுமார் 2 ஆம்பியர் இழுக்கும். நாலும் ஒன்றாகக் கிளம்பினால் டிஸ்க்குக்கு மட்டும் 8 ஆம்பியர், 96 வாட். ஓடும்போது ஒவ்வொன்றும் ஏழெட்டு வாட்டுக்குள்தான். அடாப்டர் ஓடும் வாட்டுக்கு மட்டும் கணக்குப் போட்டு வாங்கியதாக இருந்தால், பூட் ஆகும்போது ஏதாவது ஒரு டிஸ்க் காணாமல் போகும். ஒவ்வொரு முறையும் வேறு டிஸ்க். அறிகுறி இப்படி மாறி மாறி வந்தால் டிஸ்க்கை விட்டுவிட்டு அடாப்டரைச் சந்தேகியுங்கள்.

பூல் அமைத்தல்

டிஸ்க்கை எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயரால் சேர்க்காதீர்கள். அந்தப் பெயர்கள் அடுத்த பூட்டில் இடம் மாறும். மாடலும் சீரியல் எண்ணும் சேர்ந்த ஐடி பெயரால் சேர்த்தால், பிரச்சினை வந்த அன்று திரையில் தெரியும் பெயரே ஸ்டிக்கரிலும் இருக்கும். சீரியலின் கடைசி நாலு எழுத்தை லேபிளில் எழுதி ஒவ்வொரு ட்ரேயின் முகப்பிலும் ஒட்டுங்கள். ஒரு டிஸ்க் செத்த ரெய்டு 5-இல் அவசரத்தில் நல்ல டிஸ்க்கை உருவுவதுதான் வீட்டு நாஸ்களில் தரவு போகும் கொடுமையான வழி. ஐந்து நிமிஷ லேபிள் வேலை அதைத் தடுக்கும்.

பூல் உருவாக்கும்போது மிரர் என்ற சொல்லோடு இரண்டு ஐடியும், ஏஷிஃப்ட் 12. இது 4096 பைட் செக்டருக்கானது, பின்னால் மாற்றவே முடியாது. டிஸ்க் 512 என்று சொல்லிக்கொண்டாலும் உள்ளே 4096தான், அதனால் தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று விடாமல் நீங்களே கொடுங்கள். கம்ப்ரஷன் எல்இசட்4, அணுகல் நேரப் பதிவு ஆஃப். டேட்டாசெட்டுகளை (பூலுக்குள் தனித்தனி அமைப்போடு இருக்கும் பகுதிகள்) போட்டோ, பத்திரம், போன் பேக்கப், சினிமா என்று பிரித்து வைத்தால் ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையை அப்படியே பிடித்து வைப்பது) விதிகளைத் தனித்தனியாக வைக்கலாம். என்க்ரிப்ஷன் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி எழுதுவது) வேண்டுமா என்பதை இங்கேயே முடிவு செய்ய வேண்டும். இருக்கும் டேட்டாசெட்டுக்குப் பின்னால் போட முடியாது. வேண்டும் என்பதே எங்கள் தேர்வு, காரணம் கடைசியில்.

இரண்டு டிஸ்க்கும் ஒன்றாக வாங்க முடியாதவர்கள் ஒன்றோடு தொடங்கி அடுத்ததைப் பிறகு சேர்க்கலாம். அப்போது 'அட்டாச்' கட்டளைதான் கொடுக்க வேண்டும். 'ஆட்' என்று கொடுத்தால் புது டிஸ்க் மிரராகாது, பழையதோடு ஸ்ட்ரைப்பாகச் சேர்ந்துவிடும். ஒன்று போனாலும் எல்லாம் போகும் அமைப்பு அது. ஒற்றை டிஸ்க் பூலில் இதற்கு எச்சரிக்கைகூட வராது. கட்டளைக்கு முன் செக்பாயிண்ட் (பூல் முழுவதையும் திரும்பக் கொண்டுவர உதவும் குறி) ஒன்று எடுத்துக்கொண்டால் தவறினாலும் பின்வாங்கலாம். அட்டாச் செய்யும் முன் அந்தச் செக்பாயிண்டை விலக்க வேண்டும், அது இருக்கும்வரை பூல் அட்டாச்சை ஏற்காது.

சாவு ஒத்திகை

100 ஜிபி சோதனைத் தரவு உள்ளே இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். பயாஸில் சாட்டா ஹாட் பிளக் ஆன் செய்திருந்தால் ஓடும்போதே ஒரு ட்ரேயை உருவலாம், இல்லையென்றால் ஆஃப் செய்துவிட்டு. நிலை டிகிரேடட் (ஒரு டிஸ்க் குறைந்து ஓடுகிறது) என்று மாற வேண்டும். கோப்புகள் வழக்கம்போலத் திறக்க வேண்டும். மின்னஞ்சல் வர வேண்டும். பலருக்கு முதல் இரண்டும் நடக்கும், மூன்றாவது நடக்காது. மெயில் அமைப்பை முழுதாகச் செய்யாமல் விட்டிருப்பார்கள். டிகிரேடட் என்று தெரியாமலேயே மாதக்கணக்கில் ஓடும் மிரரை ஒற்றை டிஸ்க் என்றுதான் சொல்ல வேண்டும்.

அதே டிஸ்க்கைத் திரும்பச் செருகினால், வெளியே இருந்த நேரத்தில் எழுதியதை மட்டும் சேர்த்துக்கொண்டு சில நொடியில் நிமிரும். இரண்டாவது ஒத்திகையில் அந்த டிஸ்க்கின் லேபிளை அழித்து, புது டிஸ்க் வந்ததாக வைத்து 'ரீபிளேஸ்' கொடுங்கள். 100 ஜிபிக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் ஆகும். இசட்எஃப்எஸ் நிரம்பிய இடத்தை மட்டுமே நகலெடுக்கும். 3 டெராபைட் இருந்தால் ஐந்தாறு மணி. எம்டி என்றால் காலி இடத்தையும் சேர்த்து முழு 8 டெராபைட்டும், அதாவது பன்னிரண்டு மணிக்கு மேல். ஒத்திகையில் அடித்த கட்டளைகளை, சீரியல் எண்களோடு ஒரு தாளில் அச்சடித்துப் பெட்டியின் அடியில் ஒட்டிவிடுங்கள்.

ஓட்டம்

டெபியனில் இசட்எஃப்எஸ் தொகுப்பே மாதத்தின் இரண்டாம் ஞாயிறு ஸ்க்ரப்பை வைத்துவிடுகிறது. அதை நிறுத்தாமல் இருந்தால் போதும். எம்டிக்கும் டெபியனில் அதேபோல மாதம் ஒருமுறை சோதனை உண்டு, முதல் ஞாயிறு. வாரம் ஒருமுறை ஸ்மார்ட் சிறு சோதனை. டிஸ்க் வெப்பம் 45 டிகிரிக்குள் நிற்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் ஸ்க்ரப் ஓடும்போது பாருங்கள், அப்போதுதான் உச்சம் தெரியும். இரண்டே டிஸ்க் என்பதால் நடுவில் ஒரு பே காலி விட்டுப் பொருத்தலாம், காற்று தாராளமாக ஓடும். மூடிய டிவி அலமாரிக்குள் வைக்க வேண்டாம்.

யுபிஎஸ் கட்டாயம். இந்தப் பெட்டி 30 வாட் சுமாரில் ஓடுவதால் 600 விஏ யுபிஎஸ்ஸே போதும், ஆனால் யுஎஸ்பி டேட்டா போர்ட் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். நட் மென்பொருளை அதோடு இணைத்தால் பேட்டரி இறங்கும்போது பெட்டி தானாக முறைப்படி ஆஃப் ஆகும். வீட்டு இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது. அது மாறும் இடைவெளியில் பெட்டி ரீஸ்டார்ட் ஆகலாம், பேட்டரி தீருமுன் சொல்லவும் சொல்லாது. ரெய்டு 5, 6-இல் பாதி எழுதும்போது கரண்ட் போனால் தரவும் பாரிட்டியும் பொருந்தாமல் நிற்கும் கோளாறு இருக்கிறது. இசட்எஃப்எஸ்ஸுக்கு அது இல்லை என்றாலும் டிஸ்க்கின் மோட்டாருக்கும் ஹெட்டுக்கும் திடீர் சாவு எப்போதும் கெடுதல்.

யுஎஸ்பி வழியாகத் தொங்கும் பல டிஸ்க் பெட்டியில் ரெய்டு போட வேண்டாம். நடுவிலுள்ள பிரிட்ஜ் சிப் ஒருமுறை திணறினால் எல்லா டிஸ்க்கும் ஒன்றாக உதிரும். சில சிப்கள் சீரியல் எண்ணையும் ஸ்மார்ட் விவரத்தையும் மறைத்துவிடும்.

இடம் பத்தாதபோது காலி பே இரண்டிலும் இன்னொரு ஜோடியை மிரராகச் சேர்க்கலாம். பழைய தரவு தானாகப் பிரிந்து பரவாது, புதிதாக எழுதுவது காலியான ஜோடிக்கு அதிகம் போகும். அல்லது ஒவ்வொன்றாக 16 டெராபைட்டாக மாற்றி, தானாக விரியும் வசதியை ஆன் செய்யலாம். மாற்றும்போது பழைய டிஸ்க்கை உருவிவிட்டுப் புதியதைப் போடாமல், காலி பேயில் புதியதைச் செருகி ரீபிளேஸ் கொடுங்கள்; நகல் முடியும்வரை இரண்டு பிரதியும் உயிரோடு இருக்கும். நாலு பேயும் நிரப்பியவர்களுக்கு இந்த வசதி இல்லை.

மூன்றாவது டிஸ்க்

மிரர் காப்பது டிஸ்க் சாவிலிருந்து மட்டும். கை தவறி அழித்த ஃபோல்டர் இரண்டிலும் ஒரே நொடியில் அழியும். 2021 ஏப்ரலில் க்யூலாக்கர் என்ற ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல்) இணையத்துக்குத் திறந்திருந்த க்யூனாப் கம்பெனியின் நாஸ் பெட்டிகளில் கோப்புகளைக் கடவுச்சொல் போட்ட 7இசட் கோப்புகளாக மாற்றியது. அங்கே எந்த ரெய்டு போட்டிருந்தார்கள் என்பதால் யாரும் தப்பவில்லை. நாஸை ரவுட்டரில் போர்ட் திறந்து வெளியே காட்டாதீர்கள், வெளியிலிருந்து வேண்டுமென்றால் வயர்கார்டு விபிஎன் வழியாக வாருங்கள்.

ஸ்னாப்ஷாட் மணிக்கு ஒன்று ஒரு நாளுக்கு, நாளுக்கு ஒன்று ஒரு மாதத்துக்கு, மாதத்துக்கு ஒன்று ஒரு வருஷத்துக்கு. சனாய்டு என்ற கருவி இதைப் பார்த்துக்கொள்ளும். மூன்றாவது டிஸ்க்கில் தனிப் பூல். மாதம் ஒருமுறை மாட்டி, முந்தைய ஸ்னாப்ஷாட்டுக்குப் பிறகான மாற்றத்தை மட்டும் அனுப்ப வேண்டும். முதல் முறை ஏழெட்டு மணி ஆகலாம், அடுத்தடுத்து நிமிஷக் கணக்குதான். அந்தப் பூலுக்கும் ஒரு ஸ்க்ரப்பை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஓட்டுங்கள், பிறகு எக்ஸ்போர்ட் செய்துவிட்டே கழற்றுங்கள். டிஸ்க் வேறு வீட்டில் இருக்கட்டும், தரைத் தளத்தில் வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் தரைத் தளத்தில் என்ன மிஞ்சியது என்று எல்லோருக்கும் தெரியும். மூன்றாவது டிஸ்க்குக்கு இப்போது பணம் இல்லை என்றால் மிரரைக் கைவிட்டு, இரண்டு டிஸ்க்கில் ஒன்றை நாஸிலும் ஒன்றைப் பேக்கப்பிலும் வையுங்கள். ஒரு டிஸ்க் சாகும் அன்று சில மணி நேரம் சேவை நிற்கும். கடைசி பேக்கப் வரையிலான தரவு போகாது.

என்க்ரிப்ஷன் போட்டதன் காரணம் வாரன்டி. நாஸ் டிஸ்க்குகளுக்கு மூன்று முதல் ஐந்து வருஷம் வரை வாரன்டி உண்டு, செத்தால் அனுப்பி மாற்று வாங்கலாம். ஆனால் மிரரில் இருந்து கழற்றிய டிஸ்க் ஒவ்வொன்றிலும் வீட்டின் முழுத் தரவும் இருக்கும். சாகும் நிலையில் உள்ள டிஸ்க்கை அழிக்க முயன்றாலும் பாதியில் நிற்கும். சுழலவே சுழலாத டிஸ்க்கை அழிக்கவும் வழியில்லை. என்க்ரிப்ட் செய்யாதவர்கள் ஆதார் நகலும் குழந்தைகளின் படங்களும் உள்ள டிஸ்க்கைக் கூரியரில் அனுப்புவதா, வாரன்டியை விட்டுவிட்டுத் துளை போடுவதா என்று அன்று முடிவெடுக்க வேண்டியிருக்கும். என்க்ரிப்ஷன் சாவியை அச்சடித்து, பத்திரங்களோடு வீட்டு லாக்கரில் ஒன்றும் பேக்கப் டிஸ்க் இல்லாத வேறு இடத்தில் ஒன்றும் வையுங்கள்.